பால் ஆட்டின் மடிக்கு வீட்டு மருந்து: எதைத் தடவலாம், எதைத் தடவக் கூடாது?

பரண்மேடு, கோபிசெட்டிபாளையம்:

வணக்கம். கறவையில் நான்கு தலைச்சேரி ஆடுகள் வைத்திருக்கிறோம். பரண் கொட்டகை. இரவில் குட்டிகளைத் தனியாக அடைத்து, காலையில் ஒரு வேளை மட்டும் கறந்துகொண்டு, பிறகு பகல் முழுவதும் தாயோடு விட்டுவிடுகிறோம். பால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகிறது. பெரும்பாலும் குழந்தைகளும் வயதானவர்களும்தான் குடிக்கிறார்கள்.

மார்கழிக் காற்று ஆரம்பித்த பிறகு காம்புகள் சொரசொரப்பாகிவிட்டன. இரண்டு ஆடுகளுக்குக் காம்பின் பக்கவாட்டில் முடி கனத்துக்குக் கோடு கோடாக வெடிப்பு. கை பட்டதும் பின்னங்காலைத் தூக்குகின்றன. மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினோம். பாலில் கற்பூர வாடை வருகிறது என்று மறுநாளே இரண்டு வீடுகளில் சொல்லிவிட்டார்கள்.

வாடை இல்லாத, குட்டி நக்கினாலும் கெடுதல் செய்யாத மருந்தை வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். கழுவும் நீர், வெடிப்புக்குக் களிம்பு, மடி வீங்கினால் போடும் பூச்சு, இந்த மூன்றுக்கும் நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள் என்று அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


வைகைக்கரை, மதுரை மாவட்டம்:

தம்பி, களிம்புக்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுவோம். வெடிப்பு வருவதே பெரும்பாலும் ஈரத்தால்தான். காம்பு நனைந்து, துடைக்காமல் விட்டு, அதன் மேல் குளிர்காற்று பட்டால் தோல் இறுகி வெடித்துவிடும். உங்களுடையது பகல் முழுவதும் குட்டி ஊட்டும் ஆடு. குட்டியின் எச்சில் காய்ந்து காய்ந்து ஈரமாகிறது. அதற்கு மேல் நாமும் நனைக்கக் கூடாது.

மடி முழுவதையும் செம்பால் ஊற்றிக் கழுவுவதை முதலில் நிறுத்துங்கள். மேலே ஒட்டியிருக்கும் புழுக்கைத் தூளும் மூத்திரமும் கரைந்து நேராகக் காம்பு நுனிக்குத்தான் இறங்கும். அந்தத் துளி அங்கே தொங்கும்போதே கை வைத்துக் கறந்தால் அழுக்கை நாமே பாலிலும் காம்புத் துளையிலும் சேர்த்துவிடுகிறோம். காம்பையும் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தையும் துடைத்தால் போதும். மடியில் நீண்ட முடி இருந்தால் கத்தரித்துவிடுங்கள். பாதி அழுக்கு அதோடு போய்விடும்.

நான் பயன்படுத்துவது வேப்பிலைத் தண்ணீர். இரண்டு கைப்பிடி கொழுந்து இல்லாத முற்றிய இலை, ஒரு லிட்டர் தண்ணீர். நன்றாகக் கொதித்ததும் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வடிகட்டிக்கொள்கிறேன். அந்த இளஞ்சூடு பால் இறங்கவும் உதவும். மிச்சத்தை மறுநாளைக்கு வைப்பதில்லை. வைத்தால் புளித்து, அதுவே கிருமிக்கு இடமாகிவிடும். பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவில் கிழித்து, ஆட்டுக்கு ஒரு துணி. நனைத்துப் பிழிந்து துடைத்தபின் உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். இந்த இரண்டாவது துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். துணிகளை அன்றன்றைக்கே வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள்.

முதல் இரண்டு பீச்சுகளைப் பால் பாத்திரத்தில் விடாமல், கறுப்புத் துணி கட்டிய டம்ளரில் பீச்சிப் பாருங்கள். திரியோ துகளோ இருந்தால் கறுப்பில் பளிச்சென்று தெரியும்.

கறக்கும் விதமும் முக்கியம். கட்டைவிரலை மடக்கிக் காம்பை அதன் மேல் அழுத்திக் கறப்பவர்களை நம் பக்கம் நிறையப் பார்க்கலாம். உள்தோல் நசுங்கும். தலைச்சேரி ஆட்டுக்குக் காம்பு ஓரளவு நீளம்தான், முழுக்கையாலேயே பிடிக்கலாம். பாலைத் தொட்டுக் காம்பில் தடவி வழுக்கிக் கறப்பதும் வேண்டாம். அந்தப் பால் காய்ந்தால் அதுவும் வெடிப்புதான்.


தேன்கூடு, ஏற்காடு:

களிம்பு நான் சொல்கிறேன். தேனீயும் ஆடும் இரண்டும் வளர்ப்பதால் மெழுகுக்குப் பஞ்சமில்லை.

தேங்காய் எண்ணெயை மட்டும் தடவினால் கோபியில் பகலில் நிற்காது. அது சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆட்டின் உடல் சூடு 39 டிகிரி. தடவிய சிறிது நேரத்தில் வழிந்து, அதில் தூசி ஒட்டிக்கொள்ளும். தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் இரண்டையும் கலந்தால் தோலில் நிற்கிற பதம் கிடைக்கும்.

அளவு: செக்குத் தேங்காய் எண்ணெய் 200 கிராம், தேன்மெழுகு 50 கிராம். கோடையில் மெழுகை 65 வரை கூட்டலாம். நேரடித் தீயில் வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதனுள் சிறிய பாத்திரத்தை வைத்து மெழுகை முதலில் உருக்கி, பிறகு எண்ணெயை ஊற்றிக் கிளறி இறக்குங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியின் முதுகில் விட்டுப் பாருங்கள். விரலால் தேய்த்தால் இழுபடாமல் குழைய வேண்டும். கெட்டியாக இருந்தால் எண்ணெய், இளகினால் மெழுகு சேர்த்துச் சரிசெய்யலாம்.

மூலிகை சேர்க்க விரும்பினால் இலையை நிழலில் சருகாக உலர்த்தி எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டுங்கள். பச்சை இலையைப் போட்டால் அதிலுள்ள நீர் எண்ணெயில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கற்பூரம், நீலகிரித் தைலம், ஓமத் திரவம் எதுவும் வேண்டாம். ஆட்டுப்பால் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வெடித்த தோலில் அவை எரியவும் செய்யும். வேப்ப எண்ணெயும் காம்புக்கு வேண்டாம். கசப்புக்குக் குட்டி வாய் வைக்காது.

காம்பின் பக்கத்தோலில் மெல்லிசாகத் தடவுங்கள். நுனித் துளையை அடைத்துப் பூச வேண்டாம்.


புன்செய், ஒட்டன்சத்திரம்:

மெழுகும் தராசும் இல்லாத காலத்திலும் எங்கள் வீட்டில் ஆடு கறந்தார்கள். வெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவார்கள். வெடிப்பு ஆறிவிடும். குட்டி போட்டதும் மடி கல்லாக இறுகினால் நல்லெண்ணெயைச் சூடாக்கி, மஞ்சள் தூளும் நறுக்கிய பூண்டும் போட்டு, வாசம் வந்ததும் இறக்கி ஆறவைத்து, வட்டம் வட்டமாக நீவிவிடுவார்கள். இன்றும் நான் இதைத்தான் செய்கிறேன். அயோடின், ஊசி என்று எதையும் கொட்டகைக்குள் விடுவதில்லை. இயற்கை என்று ஆரம்பித்த பிறகு எதற்குப் பாதி வழியில் மருந்துக் கடைக்குப் போக வேண்டும்?


தேன்கூடு, ஏற்காடு:

நல்லெண்ணெய், பூண்டு, மஞ்சள் பற்றி எனக்கு மறுப்பில்லை ஐயா. வெண்ணெய் விஷயத்தில் மட்டும் இடறுகிறது. வெண்ணெயில் நீரும் மோர்ச் சத்தும் இருக்கின்றன. வெயிலில் புளித்து, ஈயும் எறும்பும் மடியை மொய்க்கும். பசையாக ஏதாவது வேண்டுமென்றால் அதை உருக்கி நெய்யாக்கிவிட்டுத் தடவலாமே.


கால்நடை மருத்துவர், நாமக்கல் மாவட்டம்:

இழையை முழுவதும் படித்தேன். சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி. சிலவற்றைச் சேர்க்கிறேன்.

புன்செய் ஐயா சொன்ன எண்ணெய், மரபுவழி மருத்துவத்தில் மடி நீர்க்கோவைக்கான முறைதான். ஈன்றதை ஒட்டி, இரண்டு பக்கமும் சமமாக வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்பும் வீக்கத்துக்கு அதை நாளைக்கு 3 தடவை தடவலாம். ஆனால் தடவுவதற்கு முன் மடி நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் ஆடு துடித்தால் அது நீர்க்கோவை அல்ல. அதை நீவவே கூடாது.

மடி நோய்க்கு இப்போது பலரும் சொல்லும் கற்றாழைப் பூச்சு, தஞ்சாவூரில் பணியாற்றிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரப்பிய மரபுவழி முறைகளில் ஒன்று. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அதை விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கிறது. மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். ஆட்டின் மடிக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். கற்றாழை 50, மஞ்சள் 10, சுண்ணாம்பு 3 கிராம். முள் ஓரத்தைச் சீவிவிட்டு, தோலோடு சேர்த்து அரைத்தால் செங்காவி நிறத்தில் விழுதாக வரும். அதில் கொஞ்சம் எடுத்து, தோசை மாவை விட நீர்க்கக் கரைத்து, பாலை முழுவதும் கறந்து மடியைக் கழுவிய பிறகு பூச வேண்டும். ஒரு தடவை பூசிவிட்டு விடுவதல்ல. நாளைக்கு 8 முதல் 10 தடவை, கழுவிக் கழுவிப் பூச வேண்டும். 5 நாட்கள். இந்த உழைப்பைச் செலவிட முடியாவிட்டால் பூச்சின் பலனை எதிர்பார்க்க முடியாது.

வெடித்த காம்பில் இதைப் போடாதீர்கள். சுண்ணாம்பு எரியும். ஆட்டுத் தோல் மென்மையானது. முதலில் தொடையின் உட்பக்கம் சிறிது பூசிப் பார்த்துவிட்டு மடிக்குப் போங்கள். குட்டி ஊட்டும் முன்பும் கறக்கும் முன்பும் சுத்தமாகக் கழுவ வேண்டும். பாதித்த பக்கத்துப் பாலைக் குட்டிக்கும் கொடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

வெளியே எதுவும் தெரியாத மடி நோயைக் கண்டுபிடிக்கச் சலவைத் தூள் சோதனை இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காம்புகளின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, அதே அளவு கரைசலை ஊற்றிச் சுழற்றுங்கள். கோழையாகத் திரண்டால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் மாட்டுக்குச் சொல்லும் கணக்கை ஆட்டுக்கு அப்படியே வைக்கக் கூடாது. ஆட்டின் மடி பால் சுரக்கும்போதே செல் துணுக்குகளையும் சேர்த்து உதிர்க்கும். கறவையின் கடைசி மாதங்களிலும் பருவத்துக்கு வரும் நாட்களிலும் நோய் இல்லாமலேயே லேசாகத் திரளும். அதனால் இடது, வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று தண்ணீராகவே இருந்து மற்றொன்று மட்டும் திரண்டால் அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது.

பாலை நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மடி நோயில் பால் உப்புக் கரிப்பது உண்மைதான். ஆனால் காய்ச்சாத பாலில் கருச்சிதைவு நோய்க் கிருமி இருந்தால் அது மனிதருக்கும் தொற்றும். வாடிக்கையாளர்களிடமும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள்.


பரண்மேடு, கோபிசெட்டிபாளையம்:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா, கறந்த பிறகு காம்பை அயோடினில் முக்க வேண்டும் என்று பால் மாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கும் அது வேண்டுமா?


கால்நடை மருத்துவர், நாமக்கல் மாவட்டம்:

உங்கள் முறையில் கறந்த உடனே குட்டியை விடுகிறீர்கள். முக்கினால் குட்டிதான் அயோடினை நக்கும். இப்போதைக்கு வேண்டாம். இரவில் குட்டியைப் பிரித்ததும் காம்பைத் துடைத்து, உலர்ந்த பிறகு தேன்கூடு சொன்ன களிம்பைப் பூசுங்கள். இரவு முழுவதும் தோல் ஊறும். காலையில் வேப்பிலைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டுக் கறக்கலாம்.

குட்டிகளைப் பால் மறக்கடித்துவிட்டு நீங்கள் மட்டும் கறக்க ஆரம்பிக்கும்போது அயோடின் தேவை. கறந்து முடித்ததும் காம்புத் துளை உடனே மூடாது. ஏறக்குறைய அரை மணி நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஆடு படுத்தால் தரையில் இருப்பது உள்ளே போகும். கறந்ததும் தீவனம் போட்டு நிற்க வையுங்கள். மருந்துக் கடையில் 5 சதவீதம் என்று எழுதியிருக்கும் போவிடோன் அயோடினில் உண்மையில் வேலை செய்யும் அயோடின் சுமார் 0.5 சதவீதம். காம்பு முக்க அது போதும். சில துளி கிளிசரின் சேர்த்தால் தோல் வறளாது.

இதற்கு ஈடாக வீட்டில் காய்ச்சும் கஷாயம் ஒன்றை என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.


செம்மண், புதுக்கோட்டை மாவட்டம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அவசரம். ஜமுனாபாரிக் கலப்பு, குட்டி போட்டு ஒரு வாரம். நேற்று வலது மடி வீங்கிச் சூடாக இருந்தது. ஒரு காணொளியில் பார்த்தபடி கற்றாழைப் பூச்சு போட்டோம். இன்று மாலை தொட்டால் சில்லென்று இருக்கிறது. சூடு இறங்கிவிட்டதால் குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? தோல் நீலம் பாய்ந்தது போலத் தெரிகிறது. கறந்தால் பாலுக்குப் பதில் சிவந்த தண்ணீர் வருகிறது. ஆடு தீவனம் எடுக்கவில்லை, வலது பின்னங்காலை இழுத்து நடக்கிறது.


வைகைக்கரை, மதுரை மாவட்டம்:

பூச்சு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இது குணமாவதல்ல. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தி இருக்கிறது. அது வரத் தாமதமானால் வண்டி பிடித்து மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள்.


கால்நடை மருத்துவர், நாமக்கல் மாவட்டம்:

அக்கா சொன்னதைச் செய்யுங்கள். விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இது அழுகல் மடி நோய். அந்தப் பக்கத்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனதால்தான் சில்லிட்டிருக்கிறது. கிருமியின் நஞ்சு உடம்பில் ஏறினால் ஒரே நாளில் ஆடு போய்விடும். வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். ஆட்டுக்கு 101.5 முதல் 103.5 பாரன்ஹீட் வரை இயல்பு. அதற்கு மேல் இருந்தாலும் ஆபத்து, காய்ச்சல் அடித்துவிட்டு இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னும் ஆபத்து. குட்டிகளைப் பிரித்து வேறு ஆட்டின் பாலைப் புட்டியில் கொடுங்கள். மருத்துவரிடம் என்ன பூசினீர்கள், எத்தனை மணிக்கு நிறம் மாறியது என்பதைச் சொல்லுங்கள்.


செம்மண், புதுக்கோட்டை மாவட்டம்:

கிளம்பிவிட்டோம்.


வலிகாமம், யாழ்ப்பாணம்:

செம்மண்ணின் ஆடு பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். செய்தி கிடைத்ததும் எழுதுங்கள்.

பால் மறக்கடிப்பது பற்றி மேலே ஒரு வரி வந்தது. இங்கும் ஜமுனாபாரி வளர்க்கிறோம். குட்டி ஊட்டாமல் இருக்கக் காம்பில் சாணம் பூசும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இயற்கை என்ற பெயரில் இதைவிடக் கேடான ஒன்று இல்லை. துளை திறந்திருக்கும் காம்பில் சாணத்தை அப்புவது நோயை வரவேற்பதற்குச் சமம். நாங்கள் மடியை மூடத் துணியில் பை தைத்துக் கட்டுகிறோம். பழைய பருத்திச் சேலை, இரண்டு மடிப்பு, முதுகுக்கு மேல் முடிச்சுப் போட நான்கு நாடா. பைக்குள் காற்று போகும்படி தளர்த்தியாகக் கட்ட வேண்டும். நைலான் துணியில் தைத்தால் உள்ளே வியர்த்து ஈரமாகவே இருக்கும். தினமும் மாற்ற இரண்டு பைகள் இருந்தால் நல்லது. முட்புதரில் மேய விடுகிறவர்களுக்கும் இது உதவும். தொங்கு மடி உள்ள ஆட்டுக்கு முள் கீறல்தான் பாதித் தொல்லை.


புன்செய், ஒட்டன்சத்திரம்:

மடிக்குப் பை நல்ல யோசனை. எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள்ளால் மடி கிழிந்த ஆடுகளைப் பார்த்திருக்கிறேன். அளவை எழுதுங்கள்.


வலிகாமம், யாழ்ப்பாணம்:

ஆட்டுக்கு ஆடு மாறும் ஐயா. மடி நிறைந்திருக்கும்போது, காலையில் கறப்பதற்கு முன், ஒரு நூலால் மடியின் சுற்றளவையும் அங்கிருந்து முதுகு வரையான உயரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவை விட ஒரு சாண் கூடுதலாகத் துணி வெட்டினால் சுருக்கம் வைத்துத் தைக்கச் சரியாக இருக்கும். பின் நாடாக்கள் வாலுக்கு இரு பக்கமும் போக வேண்டும். மூத்திரத்தில் நனையாதபடி பையின் பின் ஓரத்தைத் தாழ்த்தித் தையுங்கள்.


பரண்மேடு, கோபிசெட்டிபாளையம்:

களிம்பு செய்துவிட்டோம், பதம் நன்றாக வந்தது. ஒரு ஆட்டுக்கு வெடிப்பு மூடிக்கொண்டு வருகிறது. இன்னொன்றுக்கு மட்டும் ஆறாமல், காம்பின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்து, உடைந்து, தடித்த பழுப்புப் பொருக்காக நிற்கிறது. இன்று காலையில்தான் கவனித்தேன், அதன் குட்டிகள் இரண்டுக்கும் உதட்டு ஓரத்தில் அதே மாதிரிப் பொருக்கு இருக்கிறது. மூக்கு வரை ஏறியிருக்கிறது. குட்டிகள் ஊட்டத் தயங்குகின்றன. இதற்கும் அதே களிம்பைத் தொடரலாமா? மஞ்சள் கூடுதலாகச் சேர்க்கட்டுமா?


கால்நடை மருத்துவர், நாமக்கல் மாவட்டம்:

தொடர வேண்டாம். நீங்கள் விவரிப்பது ஆர்ஃப் எனப்படும் தொற்றுக் கொப்புள நோய் போலத் தெரிகிறது. இது வைரஸ். குட்டியின் உதட்டிலிருந்து தாயின் காம்புக்கும், அங்கிருந்து அடுத்த குட்டிக்கும் போகும். முக்கியமாக, மனிதரின் கைக்கும் தொற்றும். விரலில் சிறு கீறல் இருந்தாலே போதும், அங்கே வலியுள்ள கட்டி வரும். இன்றிலிருந்து அந்த ஆட்டைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். அதைக் கடைசியில் கவனியுங்கள். வீட்டுக் குழந்தைகள் அந்தக் குட்டிகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் தானாக உதிரும். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் பரணுக்கு அடியில் விழுவதைக் கூட்டி எரித்துவிடுங்கள். வைரஸை மஞ்சளோ அயோடினோ குணப்படுத்தாது. புண்ணில் பாக்டீரியா சேராமல் காப்பதுதான் நம் வேலை.

பெரிய கவலை வேறு. வலியால் தாய் குட்டியை உதைத்து விரட்டும், பால் மடியிலேயே தேங்கும், புண் வழியாகக் கிருமி ஏறும், மடி நோய் வந்துவிடும். தினமும் இரண்டு வேளை மெதுவாகக் கறந்து காலி செய்யுங்கள். அந்தப் பாலை விற்க வேண்டாம். காய்ச்சி ஆறவைத்து அதன் குட்டிகளுக்கே புட்டியில் கொடுக்கலாம்.

ஆனால் நான் படித்து ஊகிப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆட்டுக்கொல்லி நோயிலும் கோமாரியிலும் ஆட்டு அம்மையிலும் வாயில் புண் வரும். காய்ச்சல், மூக்கு ஒழுகல், கழிச்சல், கால் நொண்டல் ஏதாவது இருந்தால் அன்றைக்கே நேரில் காட்டுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை மருத்துவரை வரவழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.


தேன்கூடு, ஏற்காடு:

பரண்மேடு, நான்கு ஆடுகளுக்கும் ஒரே டப்பாவில் விரல் விட்டுத் தடவினீர்களா? அப்படியானால் அந்த டப்பாவை மீதத்தோடு எரித்துவிடுங்கள். மெழுகுக் களிம்பில் வைரஸைக் கொல்லும் சக்தி எதுவும் இல்லை. நோயுள்ள காம்பைத் தொட்ட விரல் டப்பாவுக்குள் போனால், அது அடுத்த ஆட்டுக்கு நாமே கொண்டுபோய்ப் பூசுவதுதான். என் அளவை எடுத்துக்கொள்ளும் எல்லோருக்கும் சொல்கிறேன். சூடாக இருக்கும்போதே ஆட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சிமிழ்களில் ஊற்றி, ஆட்டின் அடையாளத்தை மேலே எழுதிவையுங்கள். எடுக்கக் கரண்டிக் காம்போ வேப்பங்குச்சியோ, தடவியதும் குச்சியை எறிந்துவிட வேண்டும்.


புன்செய், ஒட்டன்சத்திரம்:

ஒரே கிண்ணத்தில் மஞ்சள் வெண்ணெய் குழைத்து எல்லா ஆட்டுக்கும் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம்தான். கிண்ணத்தைப் பிரிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அயோடின் பற்றி மருத்துவரிடம் இன்னும் ஒரு கேள்வி. தினமும் முக்கினால் அது பாலில் சேராதா? குழந்தைகளுக்குப் போகும் பால் இது.


கால்நடை மருத்துவர், நாமக்கல் மாவட்டம்:

நியாயமான கேள்வி. கறந்த பிறகு முக்குகிறோம், அடுத்த கறவைக்கு முன் துடைத்தெடுக்கிறோம். துடைக்காமல் கறந்தால் பாலில் அயோடின் அளவு கூடும் என்பது உண்மை. அதனால்தான் வைகைக்கரை அக்கா சொன்ன இரண்டு துணித் துடைப்பு முக்கியம். அயோடின் கடல்பாசியிலும் இருப்பதுதான். அதை மருந்துக் கடை விற்பதாலேயே நஞ்சென்றும், சுண்ணாம்பு வீட்டில் இருப்பதாலேயே சாதுவென்றும் நான் பிரிக்க மாட்டேன். இரண்டும் அளவு தவறினால் தோலை அரிக்கும்.

ஆட்டுக்கு மடியில் இருப்பது இரண்டே பாகம். மாட்டுக்கு ஒரு காம்பு போனால் கால் பங்குப் பால் போகும். ஆட்டுக்கு ஒன்று போனால் பாதி போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.


செம்மண், புதுக்கோட்டை மாவட்டம்:

தாமதமாக எழுதுகிறேன். ஆடு பிழைத்துவிட்டது. அன்று இரவே ஊசியும் நரம்பு வழியாகத் திரவமும் ஏற்றினார்கள். வலது மடி கறுத்துவிட்டது, ஓரத்தில் கோடு விழுந்து பிரிகிறது. தானாகக் கழன்று விழும், அதற்குச் சில வாரங்கள் ஆகும், அதுவரை புண்ணை ஈ அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். இடது பக்கம் நன்றாக இருக்கிறது. குட்டிகள் புட்டிப் பாலுக்குப் பழகிவிட்டன. ஈக்கு வீட்டு மருந்து ஏதாவது இருக்கிறதா?


வைகைக்கரை, மதுரை மாவட்டம்:

நிம்மதியாக இருக்கிறது தம்பி. வேப்ப எண்ணெய்க்கு இதுதான் இடம். புண்ணின் மேல் ஊற்றாமல், சுற்றியுள்ள நல்ல தோலில் ஒரு விரல் அகலத்துக்கு வளையமாகத் தடவுங்கள், காலை மாலை இரு வேளையும். அந்த வாடைக்கு ஈ உட்காராது. குட்டிகள் இப்போது புட்டிப் பால்தானே குடிக்கின்றன, கசப்பைப் பற்றிக் கவலை இல்லை. கீழே சாக்கு விரித்துத் தினமும் மாற்றுங்கள். புண்ணுக்குள் புழு நெளிந்தால் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம், காட்டிவிடுங்கள்.


பரண்மேடு, கோபிசெட்டிபாளையம்:

எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து ஆர்ஃப் என்று உறுதி செய்தார். பொருக்குகள் உதிர ஆரம்பித்துவிட்டன, மற்ற மூன்று ஆடுகளுக்கும் பரவவில்லை. சிமிழ்கள் தனித்தனியாக மாற்றிவிட்டோம். வாடிக்கையாளர்களிடம் விஷயத்தைச் சொல்லி அந்த ஆட்டின் பாலை நிறுத்தியிருக்கிறோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒன்று. முதல் ஆடு மறுபடி சினையாக இருக்கிறது. பாலை எப்போது, எப்படி வற்றடிப்பது?


வைகைக்கரை, மதுரை மாவட்டம்:

ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். கடைசி இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு வேண்டும். அடர்தீவனத்தை முதலில் குறையுங்கள், உலர் தீவனத்தைக் கூட்டுங்கள். பால் குறைந்ததும் ஒரேயடியாக நிறுத்திவிடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சம் கறந்துவிட்டால் சுரப்பு நிற்காது. நிறுத்தும் அன்று முழுவதும் கறந்து, காம்பை அயோடினில் முக்கி, உலர்ந்த பரணில் விடுங்கள். இரண்டு மூன்று நாட்கள் மடி நிறைந்து இறுகும், பிறகு தானாக வடியும். அந்த வாரம் முழுவதும் காலையில் இரண்டு பக்கத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். சமமாக இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாகவோ கட்டியாகவோ தெரிந்தால் அந்தப் பக்கத்துப் பாலைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பார்த்துவிட்டு அன்றைக்கே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.